மன்னர் உயிரும் மக்கள் நாவும்

இராசபாளையத்துச் சவகர் திடலில் ஒருவன் மேடையேறி ஆட்சியாளரைச் சாடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அரசு சினங்கொண்டு, நாட்டுக்கு எதிராகப் பேசினான் என வழக்குத் தொடுத்தால், அவன் சென்று நிற்கவேண்டிய மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் இருக்கிறது. மாவட்டத் தலைநகர் விருதுநகர். நீதிமன்றம் மட்டும் ஆண்டாள் ஊரில்! திடலுக்கும் மன்றத்துக்கும் இடையே பத்துப் பதினொரு கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே அவன்மீது படிக்கப்படும் குற்றச்சாட்டு நெடுந்தொலைவிலிருந்து வந்தது. ஆங்கில நாட்டு அரண்மனையில், அச்சங்கொண்ட மன்னர்களின் கட்டிலருகே பிறந்தது அது.

"சதிகாரரும் போட்டியாளரும் சூழ்ந்திருக்கும்போது ஓர் ஆட்சி தன்னைக் காத்துக்கொள்ளச் சட்டம் செய்தல் தவறாகுமா?" என்று நம் தோழர்கள் சிலரே கேட்கின்றனர். பழமை விரும்பிகள் மட்டும் கேட்கும் கேள்வியன்று இது, பொருளற்றதுமன்று. மன்னன் மார்பிலே பாயும் கத்தி, மன்னனோடு நிற்பதில்லை, குடிசைகளும் எரியும். 1584-ல் டச்சு மக்களின் விடுதலைப் போருக்குத் தலைமை தாங்கிய வில்லியம், தம் இல்லத்திலேயே சுட்டு வீழ்த்தப்பட்டார். அவரைக் காத்திருக்க வேண்டாமா? வேண்டும். மறுப்பவர் எவருமில்லை. காவற்சட்டம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதே நாம் ஆராய வேண்டியது. அதற்கு, அச்சட்டம் பிறந்த வீட்டையே முதலில் பார்க்க வேண்டும்.

1351-ஆம் ஆண்டு. மூன்றாம் எட்வர்டு ஆளுகிறான். எது இராசத் துரோகம் என்பதை நீதிபதிகள் விருப்பம்போல் நீட்டுகின்றனர் என்று பிரபுக்கள் முறையிட, எல்லை வகுத்து ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மன்னனுடன் போர் தொடுத்தல், பகைவருக்குத் துணைநிற்றல், மன்னன், அரசி, மூத்த மகன் ஆகியோரின் சாவை எண்ணுதல் எனக் குற்றங்கள் வரையறுக்கப்பட்டன. ஆம், எண்ணுதல்! கொல்லுதல் என்று எழுதவில்லை. கொல்ல முயலுதல் என்றும் எழுதவில்லை. உள்ளத்திலே நினைத்தாலே குற்றம். நினைத்ததை வெளிக்காட்டும் செயல் ஒன்று மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது, உண்மையே. எனினும் குற்றத்தின் இருப்பிடம் கையிலிருந்து நெஞ்சுக்கு மாற்றப்பட்டுவிட்டது. எல்லை வகுக்க வந்த சட்டமே எல்லையற்ற ஓர் இடத்தைக் காவலர்க்குக் காட்டிக் கொடுத்தது.

அதன்பின் வந்தவர்கள் சும்மா இருப்பரோ? எட்டாம் ஹென்றி 1534-ல் பேச்சையும் எழுத்தையும் துரோகமாக்கினான். மன்னனைக் கொடுங்கோலன் என்றோ, சமயப் புரட்டன் என்றோ, முடிபறித்தவன் என்றோ சொன்னால் தலை போகும். அறிஞர் தாமஸ் மோர் அதையும் சொல்லவில்லை, வாய்மூடி இருந்தார். மன்னனே திருச்சபையின் தலைவன் என்று ஒப்பாமல் மௌனம் காத்ததையே எதிர்ப்பாக்கி, அரசு வழக்குரைஞர் ஒருவரிடம் தனித்துப் பேசியதாகக் கூறப்பட்ட சில சொற்களைச் சான்றாக்கி, 1535 சூலை 6-ல் அவர் தலையை வெட்டினர். பேசினால் குற்றம், பேசாதிருந்தாலும் தப்பில்லை.

இத்தனை வலுவான கவசம் பூண்ட மன்னனுக்கு நேர்ந்தது என்ன? 1547-ல் அவன் மரணப்படுக்கையில் கிடந்தபோது, "மன்னா, உன் முடிவு நெருங்கிவிட்டது" என்று சொல்ல மருத்துவர்கள் அஞ்சினர். மன்னன் சாவை முன்னறிந்து கூறுவதும் துரோகமாகக் கருதப்பட்டதே! இறுதியில் அணுக்கத் தொண்டர் ஒருவர் துணிந்து சொல்ல வேண்டியதாயிற்று. மக்களின் நாவை அறுக்கச் செய்த வாள், மன்னனின் காதையே அறுத்துவிட்டது.

முதலாம் மேரியின் ஆட்சியில் இன்னுமொரு படி ஏறினர். "ஆண்டவனே, இவ்வரசியின் வாழ்நாளைக் குறைத்தருள்" என்று சீர்திருத்தச் சபையார் சிலர் வேண்டிக்கொண்டனராம்; 1554–55-ல் கூடிய பாராளுமன்றம் அப்படி வேண்டுவதைத் துரோகம் என்றது. எலிசபெத் காலத்துச் சட்டமோ அதையும் விஞ்சியது. அரசி எத்தனை நாள் வாழ்வாள், அவளுக்குப் பின் முடி யாருக்கு என்று சாதகம் கணித்துப் பார்ப்பதும், குறி சொல்வதும் உயிர்த்தண்டனைக்குரிய குற்றம் என 1581-ல் விதித்தனர். பகுத்தறிவாளர் இதைக் கண்டு மகிழ வேண்டாம். சாதகம் பொய் என்பதற்காக அதைத் தடுக்கவில்லை. அது மெய்யாகிவிடுமோ என்ற நடுக்கத்தால் தடுத்தனர். மூடநம்பிக்கையை ஒழித்த சட்டமன்று அது. மூடநம்பிக்கைக்குக் கொலைவாள் கொடுத்த சட்டம். அடுத்த அரசர் யார் என்று முடிவு செய்யுங்கள் எனப் பாராளுமன்றத்திலேயே வற்புறுத்திய பீட்டர் வென்ட்வொர்த் என்னும் உறுப்பினர் 1593-ல் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார், அங்கேயே மாண்டார்.

இவை யாவும் எண்ணத்தையும் சொல்லையும் பற்றியவை. இவற்றினும் கொடிய ஒன்று இருக்கிறது. அதில் சற்றே நிற்க வேண்டும்.

வில்லியம் கொல்லப்பட்ட அதே 1584-ல், எலிசபெத்தின் அமைச்சர்கள் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதினர். அரசியைக் கொல்ல முயல்பவனை மட்டுமல்ல, யாருக்கு முடி கிட்டும்பொருட்டு அம்முயற்சி நடைபெற்றதோ அவரையும் விடாது தொடர்ந்து கொல்வோம் என்று ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். குறி யார் என்பது ஊரறிந்த செய்தி. 1568 முதல் இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்த ஸ்காட்லாந்து அரசி மேரி! விந்தை என்னவெனில், தன் கழுத்துக்கு அளந்த அக்கயிற்றில் கையொப்பமிடத் தானும் அணியம் என்றாள் அவள். மறு ஆண்டு, 1585-ல், அப்பத்திரம் "அரசியின் உயிர்க்காப்புச் சட்டம்" ஆயிற்று. பாராளுமன்றம் சற்றே மனமிரங்கி, சதியை அறிந்து உடன்பட்டிருந்தால்தான் குற்றம் என்று திருத்தியது. திருத்தம் நல்லதே, ஆனால் உடன்பாட்டை மெய்ப்பிக்க அரசின் ஒற்றர்கள் இருந்தனரே! பீர்ப் பீப்பாயில் ஒளித்துச் சென்ற மேரியின் கடிதங்களை ஒற்றர்தலைவன் வால்சிங்கம் ஒன்றுவிடாமல் படித்துவந்தான். சதி முளைக்கும்வரை நீரூற்றிக் காத்திருந்து, முளைத்தபின் அறுவடை செய்தான். 1586 அக்டோபரில் விசாரணை. வழக்குரைஞர் துணை மறுக்கப்பட்டது. "நான் உங்கள் குடிமகளே அல்லளே, உங்கள் அரசிக்கு நான் எப்படித் துரோகியாவேன்?" என்ற பொருளில் அவள் எழுப்பிய வினா ஏற்கப்படவில்லை. 1587 பிப்ரவரி 8-ல் தலை உருண்டது.

1603-ல் எலிசபெத் இயற்கையாய் மறைந்தாள். முடி யாருக்குச் சென்றது? வெட்டுண்ட மேரியின் மகனுக்கு! எவர் வழி வரக்கூடாதென்று சட்டமும் ஒற்றும் கோடரியும் பாடுபட்டனவோ, அவர் வயிற்றுப் பிள்ளையே அமைதியாக அரியணை ஏறினான். நாடு கவிழ்ந்துவிடவில்லை.

ஆங்கிலேயர் பாடம் கற்றனர், மெதுவாக. துரோக வழக்கில் சிக்கியவனுக்குக் குற்றப் பத்திரிகையின் படி முன்கூட்டியே தரவேண்டும், வழக்குரைஞர் வேண்டும், இரு சான்றாளர் வேண்டும் என்று 1695-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. பிரபுக்கள் மாறி மாறி ஒருவர் கழுத்தை ஒருவர் அறுத்துக் களைத்தபின் வந்த அறிவு அது. ஏழைகளுக்காக வந்ததென்று ஏமாற வேண்டாம்.

அந்த அறிவாவது கப்பலேறி இங்கே வந்ததா? இராசபாளையத்துக்குத் தெற்கே சேத்தூர், சிவகிரி, நெற்கட்டுஞ்செவல் எனப் பாளையங்கள் நிரம்பிய சீமை அது. பூலித்தேவன் காலந்தொட்டுக் கும்பினிக்குத் திறை மறுத்த மண். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில், சுற்றுப்புறப் பாளையக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, அவர்கள் கண்ணெதிரே கட்டபொம்மனைத் தூக்கிலிட்டான் மேஜர் பானர்மேன். படைத்தலைவனே நீதிபதி, வழக்குரைஞர் எங்கே, பத்திரிகைப் படி எங்கே? இலண்டனில் நூறாண்டுக்கு முன்பே சட்டமான உரிமை கயத்தாற்றுப் புளியமரத்தடிக்கு வரவில்லை. இரண்டாண்டு கழித்து மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலேறினர். எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குத் தீவுக்கு ஏற்றுமதியாயினர். வணிகம் செய்ய வந்த கூட்டத்துக்கு இவர்கள் எந்த வகையில் குடிகள்? மேரி கேட்ட அதே வினா! பாளையக்காரர்கள் புனிதர்கள் என்று நான் வாதாட வரவில்லை. அவர்தம் ஆட்சியில் உழவனும் தாழ்த்தப்பட்டவனும் பட்ட பாடு தனிக்கதை. முறையின்றிக் கொல்லப்படலாகாது என்ற உரிமை புனிதர்க்கு மட்டும் உரியதன்று என்பதே நான் சொல்லவந்தது.

பிறகு 1860-ல் தண்டனைச் சட்டம் வந்தது. 1870-ல் அதில் 124-அ என்னும் பிரிவு நுழைந்தது. அரசின்பால் "அன்பின்மை" ஊட்டுதல் குற்றம்! எட்வர்டின் "எண்ணுதல்" புத்தாடை உடுத்தி வந்து நின்றது. 1908 சூலை 7-ல் திருநெல்வேலி நீதிபதி பின்ஹே, கப்பலோட்டிய சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை, நாற்பதாண்டு, விதித்தான். உயர்நீதிமன்றம் பின்னர் குறைத்தது. அன்று திருவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. இவ்வூர் மக்களுக்கும் அது சொந்த மாவட்டத்து வழக்கே. 1933-ல் "இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும்?" என்று குடிஅரசில் தலையங்கம் எழுதிய பெரியார்மீதும், ஏட்டின் வெளியீட்டாளரான அவர் தங்கை கண்ணம்மாள்மீதும் அதே பிரிவு பாய்ந்தது; இருவரும் சிறை புகுந்தனர்.

வெள்ளையன் செய்தான், செய்வான். அவன் போனபின்?

இங்கேதான் இராசபாளையம் வரலாற்றில் நுழைகிறது. பூ. ச. குமாரசாமி ராஜா அவ்வூர் மண்ணின் மைந்தர். 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சர். காந்தியார் வழி நின்றவர். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு வழங்கியவர். கொடியவர் என்று எவரும் அவரைக் கூறத் துணியார், நானும் கூறேன். ஆயினும் அவர் ஆட்சியில் நடந்தவை எவை? 1950 பிப்ரவரி 11-ல் சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு. பொதுவுடைமைத் தோழர்கள் 22 பேர் மாண்டனர். மார்ச் முதல் நாள், பம்பாயிலிருந்து வந்த "கிராஸ் ரோட்ஸ்" என்னும் ஆங்கில வார ஏடு மாநிலத்துக்குள் நுழையத் தடை. அவ்வாண்டு செப்டம்பரில், "ஆரிய மாயை" எழுதிய குற்றத்துக்காக அறிஞர் அண்ணாவும், "பொன்மொழிகள்" நூலுக்காகப் பெரியாரும் தண்டிக்கப்பட்டு, அபராதம் கட்ட மறுத்துத் திருச்சிச் சிறை சென்றனர். பிரிந்து ஓராண்டேயான இருவரையும் ஒரே சிறையில் கொண்டு சேர்த்த பெருமை அவ்வாட்சிக்கு உண்டு!

நல்லவர் ஒருவர் ஆளுகையில் இவை எப்படி நிகழ்ந்தன? அதை எண்ணிப் பார்க்கவே அவர் பெயரை எடுத்தேன். தீயவர் கையில் சிக்கினால்தான் இச்சட்டங்கள் கேடு தரும், நம்மவர் கையிலிருந்தால் நலமே என்பர் சிலர். குமாரசாமி ராஜாவின் ஆட்சியே அதற்கு மறுப்பு. வெள்ளையன் விட்டுச்சென்ற நாற்காலியில் கதராடை அமர்ந்தது. நாற்காலியின் அச்சம் மாறவில்லை. அது அமர்பவனின் குணத்தையா கேட்கிறது? "உன்னைக் கவிழ்க்க வருகிறார்கள்" என்று காதருகே ஓதிக்கொண்டே இருக்கிறது.

"கிராஸ் ரோட்ஸ்" ஏட்டின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்சநீதிமன்றம் சென்றார். 1950 மே 26-ல் தீர்ப்பு. எழுதியவர் தமிழ்நாட்டவரான பதஞ்சலி சாஸ்திரி. பொது அமைதி என்பது வேறு, அரசின் பாதுகாப்பு என்பது வேறு. அரசையே குலைக்கும் அளவுக்குக் கேடில்லாத எழுத்தைப் பொது அமைதியின் பெயரால் தடுக்க அரசியல் சட்டம் இடந்தரவில்லை என்று கூறித் தடையைத் தள்ளினார். அரசு தோற்றது. தோற்ற அரசு திருந்தியதா? சட்டத்தையே திருத்தியது! 1951 சூன் 18-ல் வந்த முதல் திருத்தம், பேச்சுரிமைக்கான தடைகளில் பொது அமைதியையும் சேர்த்தது. அத்தடைகள் "நியாயமானவை"யாக இருக்க வேண்டும் என்ற சொல் சேர்க்கப்பட்டது மட்டுமே ஆறுதல்.

அந்த முதல் திருத்தத்தை நாம் ஆண்டுதோறும் போற்றுகிறோம். வகுப்புரிமை ஆணையைச் செண்பகம் துரைராசன் வழக்கு வீழ்த்தியபோது, பெரியார் மூட்டிய கிளர்ச்சியால் 15(4) என்னும் உரிமை கிடைத்தது அதில்தான். நம் பிள்ளைகள் கல்லூரி வாயிலை மிதிக்க வழி செய்த அதே தாளின் மறுபக்கத்தில், அவர்கள் வாயைக் கட்டும் கயிறும் இருந்தது. ஒருபக்கத்தை மேடைதோறும் படித்தோம். மறுபக்கத்தைப் புரட்ட மறந்தோம்.

1963 அக்டோபரில் பதினாறாவது திருத்தம் வந்தது. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காதவன் தேர்தலில் நிற்கலாகாது. திராவிட நாடு கேட்டவர்களைக் குறிவைத்தது என்பதில் ஐயமுண்டோ? ஹென்றியின் உறுதிமொழியை ஒப்பாத மோர் தலையை இழந்தார். இங்கே தேர்தலில் நிற்கும் உரிமை போகும். தண்டனை மென்மையாயிற்று, ஒத்துக்கொள்கிறேன். கோரிக்கையைக் கைவிட்டோம், காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார் அண்ணா. எண்ணத்துக்குப் பூட்டுப் போட முடியாதென்பதை அதைவிட நாகரிகமாக எவரும் உரைத்ததில்லை.

இதுவரை படித்த தோழர்கள் மகிழ்ந்திருப்பர். கூண்டில் நின்றவர்கள் எல்லாம் பிறர் அல்லவா! இனி நம்மவர்.

கூடங்குளம் அணுஉலையை எதிர்த்து இடிந்தகரையில் கூடிய மீனவர், பெண்கள் என ஆயிரக்கணக்கானோர்மீது அரசத் துரோக வழக்குப் பதிந்தது எந்த ஆட்சி? பெயரிலே திராவிடமும் அண்ணாவும் தாங்கிய ஆட்சி. மதுக்கடையை எதிர்த்துப் பாடிய கோவன் 2015-ல் 124-அ பிரிவில் கைதானது எவர் ஆட்சியில்? அதே ஆட்சியில். அது அவர்கள் என்று நகைப்போர் சற்றுப் பொறுக்கட்டும். 2009-ல் ஈழத்துப் படுகொலை குறித்துச் சென்னையில் பேசிய வைகோமீது 124-அ வழக்குப் பதிந்தபோது ஆண்டது திராவிட முன்னேற்றக் கழகம். 2019 சூலை 5-ல் அவ்வழக்கில் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பெரியாரைத் தண்டித்த பிரிவைப் பெரியார் படத்துக்கு மாலையிட்ட கைகளே எடுத்தாண்டன. இதை எழுதுவதால் சிலர் முகஞ்சுளிப்பர். சுளிக்கட்டும்.

தொடக்கத்திலே எழுந்த கேள்வி இன்னும் நிற்கிறது. மெய்யாகவே கொலை நடந்தால்? நடந்ததே, நம் மண்ணில், 1991 மே 21-ல், திருப்பெரும்புதூரில். இராசீவ் காந்தியோடு காவலரும் பொதுமக்களும் சிதறி மாண்டனர். அக்குற்றத்தைத் தேடித் தண்டிப்பது அரசின் கடமை. ஆனால் எவ்வழியில்? தடா என்னும் தனிச்சட்டத்தை எடுத்தனர்; காவல் அதிகாரியிடம் தந்த வாக்குமூலமே சான்றாகும் சட்டம் அது. 1998 சனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்றது தனி நீதிமன்றம். 26 பேருக்கும்! 1999 மே திங்களில் உச்சநீதிமன்றம், இது தடாவில் அடங்கும் குற்றமே அன்று எனக் கூறி, 19 பேரைக் கொலைச்சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்முறையீடு இல்லாதிருந்தால் அந்தப் பத்தொன்பது கழுத்துகள் என்னவாகியிருக்கும்? பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரியே, அவர் சொன்ன முதன்மையான ஒரு செய்தியைத் தாம் எழுதவில்லை என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 31 ஆண்டுக்குப்பின், 2022 மே 18-ல், அவர் விடுதலையானார்.

கொலை கொலையே, கொலைச்சட்டம் இருக்கிறது. வெடிகுண்டுக்குச் சட்டம் இருக்கிறது. சதிக்கும் இருக்கிறது. தலைவனைக் கொன்றவனையும் தெருவோரத்துத் தொழிலாளியைக் கொன்றவனையும் ஒரே மன்றத்தில், ஒரே சான்று விதியில், ஒரே அளவு வழக்குரைஞர் துணையோடு நிறுத்தினால் தலைவன் உயிருக்கு என்ன குறை வந்துவிடும்? "தலைவன் வீழ்ந்தால் நாடு வீழும்" என்பர். 1948-ல் காந்தியாரைக் கொன்றனர், 1984-ல் இந்திராவைக் கொன்றனர். நாடு வீழ்ந்ததா? கொலைக்குப்பின் டில்லித் தெருக்களில் சீக்கியர்களை எரித்தவர்களே நாட்டை வீழ்த்தப் பார்த்தவர்கள். அவர்கள்மீது அரசத் துரோகம் பாய்ந்ததாக நான் அறியேன்.

இங்கிலாந்து தன் நாட்டில் அரச நிந்தைக் குற்றத்தை 2009-ல் சட்டம் செய்து நீக்கிவிட்டது. இங்கே 124-அ பிரிவை உச்சநீதிமன்றம் 2022 மே 11-ல் நிறுத்திவைத்தது. நிம்மதி கொள்வதற்குள், 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 152-ஆம் பிரிவு வந்து நிற்கிறது. "அன்பின்மை" போயிற்று, பிரிவினைச் செயல்களுக்கான "உணர்வுகளை" ஊக்குவித்தல் குற்றமாயிற்று. பழைய பிரிவில் ஆயுள் அல்லது மூன்றாண்டுவரை. புதியதில் ஆயுள் அல்லது ஏழாண்டுவரை. எண்ணம், அன்பின்மை, உணர்வு. கை எங்கே? கத்தி எங்கே?

ஒரு செய்தியை இளைஞர்கள் நினைவில் கொள்ளவேண்டும். இத்தகைய வழக்கை நீதிமன்றம் ஏற்பதற்கு, மைய அரசோ மாநில அரசோ முன்னதாக ஒப்புதல் தரவேண்டும். ஒப்புதல் ஆணை கோட்டையில், கோபுர முத்திரை பொறித்த தாளில் எழுதப்படுகிறது. அக்கோபுரம் தம் ஊர்க் கோபுரமே என்று திருவில்லிபுத்தூரார் பெருமை கொள்வர். யார் ஆண்டாலும் அந்தத் தாளில் கையொப்பமிடுபவர் நாம் வாக்களித்து அனுப்பியவர்களுக்குக் கட்டுப்பட்டவர். சொல்லுக்காகத் தொடுக்கும் வழக்குக்கு ஒப்புதல் தரமாட்டோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதுவீர்களா என, வாக்குக் கேட்டுச் சவகர் திடலுக்கு வரும் ஒவ்வொரு கட்சியையும், முதலில் நம் கட்சியை, கேளுங்கள்.